மட்டாஞ்சேரி முற்றத்திற்கு ஏற்ற வெட்சி: இரகம் தேர்தலும் பதியமிடலும்

நவம்பர் மாதம் பிறந்ததும் எறணாகுளத்து விதைக் கடைகளில் குளிர்காலப் பூக்களின் விதைப் பொட்டலங்கள் வந்து தொங்கத் தொடங்கும். அவற்றுள் கேண்டிடஃப்ட் என்பது ஒன்று. பொட்டலத்தின் மேல் வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்த படம். மிட்டாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலி ஒத்திருப்பதால் இனிப்போடு தொடர்புடைய செடி என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் மத்தியதரைக் கடலிலுள்ள கிரீட் தீவுக்குப் பழைய நாளில் வழங்கிய கேண்டியா என்ற பெயரிலிருந்து வந்ததே இது. இதன் தாவரவியல் பெயர் ஐபெரிஸ். அதுவும் ஸ்பெயின் நாட்டின் பழம்பெயராகிய ஐபீரியாவைச் சார்ந்தது. நம் கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. பூவுக்கு நான்கு இதழ்கள். அவற்றுள் வெளிப்புறம் நோக்கிய இரண்டு மட்டும் பெரியவை.

இதை வளர்க்கலாமா என்று கேட்போருக்கு முதலில் ஊரைக் கேட்டுத்தான் விடை சொல்ல வேண்டும். உதகையிலோ மூணாற்றிலோ வீடு இருந்தால் தாராளமாக வளர்க்கலாம். அங்கும் மூன்று வகைகளைப் பிரித்தறிந்து வாங்குவது நலம். ஐபெரிஸ் அம்பெல்லேட்டா என்பது ஒரு சாண் முதல் ஓர் அடி வரை வளர்ந்து பல நிறங்களில் பூக்கும் ஓராண்டுச் செடி. ஐபெரிஸ் அமாரா வெண்ணிறப் பூங்கதிராக நீண்டு வளரும், மணமும் உண்டு. ஐபெரிஸ் செம்பர்வைரன்ஸ் பல்லாண்டு வாழ்வது. ஆனால் நல்ல குளிர் கண்டால்தான் ஒழுங்காகப் பூக்கும். மூன்றுமே ஆணிவேர்ச் செடிகளாதலால் நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதை விரும்புவதில்லை. பூக்க வேண்டிய இடத்திலேயே விதைத்துக் கலைத்துவிட வேண்டும்.

கொச்சியின் கதை வேறு. டிசம்பர், ஜனவரி மாதங்களின் இரவிலும் இங்கு வெப்பம் 22 அல்லது 23 பாகை செல்சியசுக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. விதை முளைக்கும், நாற்று ஒல்லியாய் நீண்டு சாயும், காற்றின் ஈரத்தில் அடித்தண்டு அழுகும். அப்படியே தப்பிப் பூத்தாலும் சில வாரக் காட்சிதான். பொட்டலத்தின் விலை சிறிதே. அதனால் எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் ஆண்டுதோறும் வாங்கி ஆண்டுதோறும் இழப்பது என்பது சிறு தொகையானாலும் இழப்புத்தான்.

கேண்டிடஃப்டில் நாம் விரும்புவது எது? நான்கு இதழ்ச் சிறு பூக்கள் பல சேர்ந்து கைக்கடங்கும் ஒரு கொத்தாகத் திரண்டு நிற்கும் அந்த அழகு. அதே நான்கு இதழ், அதே கொத்து, நம் மண்ணிலேயே பிறந்த ஒரு செடியில் இருக்கிறது. அது வெட்சி.

பெயர்களும் பெருமையும்

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் பலவும் இதை இட்லிப் பூ என்றே அழைக்கின்றன. கொத்தின் உருண்ட வடிவம் கண்டு இட்ட பெயர் போலும். மலையாளத்தில் செத்தி, தெச்சி, தெற்றி என்று இடத்துக்கு இடம் மாறும். நாம் இலக்கணப் பாடத்தில் படித்த வெட்சித் திணை இந்தப் பூவின் பெயரால் ஆனதே. பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்லும் வீரர்கள் சூடிச்சென்றது இது. தொல்காப்பியம் புறத்திணைகளை இதிலிருந்துதான் தொடங்குகிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களுள்ளும் வெட்சி உண்டு. போருக்குச் சூடிய பூ பின்னாளில் கோயிற் பூவாக நிலைத்துவிட்டது. இதன் தாவரவியல் பெயராகிய இக்சோரா என்பதும் ஈசுவரன் என்ற சொல் போர்த்துக்கேயர் நாவில் திரிந்து உருவானது. மலபாரில் தெய்வத்துக்குச் சாத்தும் மலர் என்பதால் அப்பெயர் வந்தது. 1753ஆம் ஆண்டில் லின்னேயசு செவ்வெட்சிக்கு இக்சோரா காக்சினியா என்று பெயரிட்டுப் பதிந்தார்.

அதற்கும் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இச்செடி அச்சேறியிருந்தது. அதில் நம் ஊருக்குப் பங்கு உண்டு. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் மலபார்த் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு, இப்பகுதியின் செடிகொடிகளைத் திரட்டி எழுதுவித்த ஹோர்ட்டுசு மலபாரிக்குசு என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்கள் அதில் இடம்பெற்றன. சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற மருத்துவரும், அரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி மருத்துவர்களும் செடிகளின் பெயரும் பயனும் சொல்லி உதவினர். அவர்கள் 1675இல் எழுதிக் கொடுத்த சான்றுரைகள் அவரவர் எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியுள்ளன. வெட்சி அந்நூலில் செத்தி என்ற மலையாளப் பெயருடனேயே படத்தோடு இடம்பெற்றது. மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக அந்த இலத்தீன் நூலைப் படித்தறிய வழியற்றிருந்த நமக்கு, பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து ஆங்கிலத்திலும் பின்னர் மலையாளத்திலும் மொழிபெயர்த்துத் தந்தார்.

இவ்வளவு பழமையான செடி இன்று மட்டாஞ்சேரியின் முற்றங்களிலிருந்து மெல்ல மறைந்து வருகிறது. முற்றம் முழுவதும் இன்டர்லாக் கல் பதிக்கும் வழக்கம் ஒரு காரணம். பழைய வீடுகள் கைமாறி இடிபடுவது மற்றொன்று. மூன்றாவது காரணம் நாற்றுப் பண்ணைகள்: அங்கே இன்று முன்வரிசையில் நிற்பவை வெளிநாட்டுக் கலப்பினங்களே. அவற்றின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. எதை எங்கே நடுவது என்று தெரிந்து வாங்கினால் அவையும் நன்றே.

எந்த இரகம்?

இக்சோரா இனத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உலகில் உள்ளன. நம் தேவைக்கு ஐந்தாறு போதும்.

முதலாவது நாட்டுச் செவ்வெட்சி. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். ஆளுயரத்துக்கு வளரும், விட்டால் அதற்கு மேலும் போகும். இலைக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். இலையின் அடி தண்டைத் தழுவினாற்போல் இருக்கும். பூவிதழின் நுனி கூர்மையானது. இவ்விரண்டு அடையாளங்களைக் கொண்டே கடையில் இதை இனங்காணலாம். பூ உதிர்ந்தபின் சிவந்து கருக்கும் சிறு கனிகள் உண்டாகும். கொண்டைக்குருவிகள் அவற்றுக்காக வரும். பூவின் குழல் நீளமானது. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய வண்ணத்துப்பூச்சிகளே அதன் அடியிலுள்ள தேனை எட்டும். முற்றத்தில் வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்போர் வேறொன்றும் தேட வேண்டியதில்லை. ஓணத்தின்போது பத்து நாளும் பூக்களம் இடுவோருக்கும், கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுப்போருக்கும் ஏற்றது இதுவே. இதிலேயே மஞ்சள் பூக்கும் வகையும் உண்டு. செம்பூ வகையைவிடச் சற்று மென்மையானது என்பது என் அனுபவம்.

இரண்டாவது சீன வெட்சி. இதன் இதழ் நுனி மழுங்கி வட்டமாக இருக்கும், கொத்து நெருக்கமானது, ஆரஞ்சு நிறம் மிகுதி. மூன்றாவது குட்டை வகைகள். மினி இக்சோரா என்று கேட்டால் தருவார்கள். இலை சிறியது, கணு நெருக்கம், முழங்கால் உயரத்தில் நின்றுவிடும். நடைபாதை ஓரத்துக்கும் பால்கனித் தொட்டிக்கும் இவை பொருத்தம். நான்காவது பெரிய கொத்து விடும் கலப்பினங்கள். இளஞ்சிவப்பில் நோரா கிராண்ட், ஆழ்ந்த சிவப்பில் சூப்பர் கிங் என்பவை பெயர்பெற்றவை. பார்வைக்கு இவற்றை வெல்ல இயலாது. ஆனால் இவற்றில் பெரும்பாலும் கனி பிடிப்பதில்லை. பறவைக்கு ஒன்றும் மிஞ்சாது.

வெண்ணிறம் விரும்புவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையில் வெள்ளை இக்சோரா என்று தரப்படுவது பெரும்பாலும் தென்கிழக்காசியாவைச் சேர்ந்த இக்சோரா பின்லேசோனியானா. நறுமணம் உள்ளது, ஆனால் பத்தடிக்கு மேல் உயரும் புதர். சன்னலடியில் நட்டுவிட்டு ஆண்டு முழுவதும் வெட்டிக்கொண்டிருப்பதைவிடச் சுற்றுச்சுவரின் மூலையில் நடுவது அறிவுடைமை. நம் நாட்டிலேயே வெண்பூ விடும் சுளுந்து என்ற மரவகை வெட்சி உண்டு. தோப்பு உள்ளவர்களுக்கு அது.

கடைக்குச் செல்லும்போது பூவைப் பார்த்து மயங்காமல் இலையைப் பார்த்து வாங்குக என்பதே என் பரிந்துரை. நுனி இலைகள் பசுமையாக இருக்க வேண்டும். இலையின் அடிப்புறத்தில் வெண்பஞ்சு போல மாவுப்பூச்சி இருக்கக் கூடாது. பையின் அடியில் வேர் சுருண்டு வெளிவந்திருந்தால் அது நெடுநாள் விற்காமல் நின்ற செடி.

மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு

மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, பள்ளுருத்திப் பகுதிகளில் என்னிடம் வெட்சியைப் பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் கூறும் குறை ஒன்றுதான்: வாங்கிய ஆறாம் மாதம் இலை மஞ்சளாகிறது, உரம் போட்டால் இன்னும் மஞ்சளாகிறது, ஓராண்டில் செடி போய்விடுகிறது, மீண்டும் வாங்குகிறோம்.

காரணம் மண்ணில் இருக்கிறது. வெட்சி காப்பிக் குடும்பத்துச் செடி. சற்றே புளித்த மண், அதாவது கார அமில நிலை 5க்கும் 6.5க்கும் இடைப்பட்ட மண் அதற்குப் பிடிக்கும். கேரளத்தின் உள்நாட்டுச் செம்பாறாங்கல் மண் இயல்பிலேயே அத்தகையது; ஆகையால் அங்கே வெட்சி வேலியோரத்தில் கேட்பாரற்று வளர்கிறது. ஆனால் நம் கடற்கரை மணலில் சிப்பித் துண்டுகள் கலந்துள்ளன. அதற்கு மேல், இங்குள்ள பழைய வீடுகளும் பண்டகசாலைகளும் காயலில் எடுத்த மட்டி ஓடுகளைச் சுட்டுச் செய்த சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. சுவர் உதிர்ந்தும், பழுது பார்த்தும், இடித்துக் கட்டியும் தலைமுறை தலைமுறையாக அந்தச் சாந்து முற்றத்து மண்ணில் சேர்ந்திருக்கிறது. புது வீடானால் சிமெண்ட்டுக் கழிவு. எதுவாயினும் மண் காரமாகிறது.

மண் காரமானால் அதிலுள்ள இரும்பு கரையாத நிலைக்கு மாறுகிறது. இரும்பு இல்லாமல் இல்லை. வேர் எடுத்துக்கொள்ளும் வடிவில் இல்லை. முதிர்ந்த இலையில் உள்ள இரும்பைச் செடியால் இளம் இலைக்கு மாற்றவும் இயலாது. எனவே நுனியிலுள்ள தளிர்கள் முதலில் மஞ்சளாகின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. இந்த அடையாளத்தை நினைவில் கொள்ள வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளுத்தால் அது தழைச்சத்துக் குறை. அதற்குத் தொழு உரம் போதும். நுனி வெளுத்து நரம்பு பச்சையானால் தொழு உரம் தீர்க்காது.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு தேக்கரண்டி உலர்ந்த மண்ணைக் கிண்ணத்தில் இட்டு வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டு. துல்லியமாக அறிய விரும்புவோர் அருகிலுள்ள கிருஷி பவனை அணுகினால் மண் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள்.

சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் செய்யத்தக்கவை சில. இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து, அந்த மண்ணை அப்புறப்படுத்திவிட்டு உள்நாட்டுச் செம்மண்ணும் மணலும் இலைமக்கும் கலந்து நிரப்ப வேண்டும். சுவரின் அடியை விட்டு மூன்றடியாவது தள்ளி நட வேண்டும். செடியின் அடியில் உதிர்ந்த இலைகளைப் பரப்பி மூடாக்கு இட்டால் அது மக்கி மண்ணை மெல்லப் புளிப்பாக்கும். ஏற்கெனவே மஞ்சளான செடிக்கு அன்னபேதி உதவும். நாட்டு மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் கிடைக்கும் இரும்பு சல்பேட்டுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. உரக் கடையில் வாங்குவது தூய்மைக்கு நல்லது. ஒரு லிட்டர் நீரில் 2 முதல் 5 கிராம் கரைத்து, வெயில் தணிந்தபின் இலைமேல் தெளிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று நான்கு தடவை தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். தரையிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை படியும். வெள்ளைச் சுவருக்கு அருகில் எச்சரிக்கை தேவை. ஆனால் இது கடன் வாங்கி வட்டி கட்டுவது போலத்தான்: தெளிப்பதை நிறுத்தினால் மஞ்சள் திரும்பும். முதலை அடைப்பது மண்ணை மாற்றுவதில்தான் இருக்கிறது.

இல்லத்தரசிகள் அன்போடு செய்யும் இரண்டு காரியங்களை வெட்சிக்கு மட்டும் செய்ய வேண்டாம். அடுப்புச் சாம்பல் இடுவது ஒன்று; முட்டை ஓட்டைப் பொடித்து இடுவது மற்றொன்று. இரண்டும் காரமே. மற்றச் செடிகளுக்கு அவை நன்மை செய்யலாம், வெட்சிக்கு நஞ்சு.

தண்ணீரும் கவனத்துக்குரியது. மேற்குக் கொச்சியில் கோடை வந்தால் கிணற்று நீர் உப்புக் கரிக்கத் தொடங்கும். இலை விளிம்பு பழுப்பாகக் கருகினால் உப்பைச் சந்தேகிக்கலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் தொட்டிச் செடிக்கு நல்ல நீர் இல்லை என்பது வருந்தத்தக்கது. கூரை நீரை ஒரு பீப்பாயில் பிடித்து மூடி வைத்தால் தொட்டிகளுக்குச் சில வாரங்களுக்கு ஆகும். மூடி இன்றியமையாதது; கொச்சியின் கொசுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

குச்சி நடுதல்

வெட்சியைப் பெருக்க விதை, குச்சி, பதியம் என மூன்று வழிகள் உண்டு. நாட்டுச் செவ்வெட்சியின் கனி கருத்து மென்மையானதும் சதையைக் கழுவிவிட்டு உடனே விதைக்கலாம். உலர வைத்துச் சேமித்தால் முளைப்புக் குறையும். முளைக்க ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். பூக்க ஆண்டுகள் ஆகும். பூவின் நிறமும் தாய்ச்செடியை அப்படியே ஒத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பொறுமையுள்ளோர்க்கு அது. மற்றவர்க்குக் குச்சியே வழி.

குச்சி எடுக்கும் கிளை பச்சைத் தளிராகவும் இருக்கக் கூடாது, முற்றிய கட்டையாகவும் இருக்கக் கூடாது. வளைத்தால் வளைந்து, மேலும் அழுத்தினால் மளுக்கென ஒடியும் நிலையே சரியானது. பூவோ மொட்டோ உள்ள கிளையைத் தவிர்க்க வேண்டும். பூவுக்குச் செல்லும் சத்து வேருக்குக் கிடைக்காது. காலையில், கிளை நீர் நிரம்பி இருக்கும்போது, நான்கு முதல் ஆறு அங்குல நீளத்தில் மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு வெட்ட வேண்டும். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும். வேர் அங்கிருந்துதான் எளிதில் புறப்படும்.

அடி இலைகளை நீக்கிவிட்டு நுனியில் இரண்டு இணை இலைகளை மட்டும் விட வேண்டும். அவற்றையும் பாதியாக வெட்ட வேண்டும். ஏன் என்று பலர் கேட்கின்றனர். வேரில்லாத குச்சிக்கு இலைதான் வரவு. உணவு தயாரிப்பது அது. செலவும் இலைதான், நீர் ஆவியாவது அதன் வழியே. இலையே இல்லாவிட்டால் வேர் உண்டாக்கப் பொருள் இல்லை. எல்லா இலையையும் விட்டால் மூன்றே நாளில் வாடிவிடும். பாதி இலை என்பது வரவு செலவு இரண்டையும் ஒத்துப் பார்த்து வைத்த அளவு.

வேர் ஊக்கிப் பொடி கடைகளில் சிறு டப்பியில் கிடைக்கும். அதில் இருப்பது இண்டோல் பியூட்டிரிக் அமிலம். அடியை நனைத்துப் பொடியில் தொட்டு, மிகுந்ததைத் தட்டிவிட வேண்டும். நாட்டு வெட்சி இது இல்லாமலும் வேர்விடும். கலப்பினங்களுக்கு இதனால் பயன் அதிகம்.

நடும் கலவைக்குச் சத்து தேவையில்லை. காற்றும் ஈரமும் தேவை. கழுவிய ஆற்று மணலும் தென்னை நார்க்கழிவும் சரிபாதி போதும். நார்க்கழிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை: காயலின் உப்பு நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த கழிவானால் அதில் உப்பு இருக்கும். வாளி நீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றியபின் பயன்படுத்த வேண்டும். கடற்கரை மணலும் கூடாது. உப்பும் சிப்பியும் அதில் உண்டு.

முதலில் ஒரு சிறு குச்சியால் துளையிட்டு, இரண்டு கணுக்கள் உள்ளே போகுமாறு நட்டுச் சுற்றிலும் அழுத்த வேண்டும். வெறும் குச்சியையே மண்ணில் குத்தினால் ஊக்கிப் பொடி மேலேயே வழிந்து நின்றுவிடும். நீர் தெளித்து, தொட்டியின் மேல் ஒளிபுகும் பாலிதீன் பையைக் கவிழ்த்து, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். பையின் உட்புறம் நீர்த்துளி அரும்பியிருக்கும் வரை நீர் விட வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். புதுத்தளிர் தோன்றியதும் வெற்றி என்று கருதிப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. குச்சியில் சேர்ந்திருந்த சத்திலேயே தளிர் வருவதுண்டு. இலேசாக இழுத்தால் எதிர்த்து நிற்கிறதா என்பதே சோதனை. வேர் பிடித்தபின் பையை ஒரே நாளில் எடுத்துவிடாமல், பத்து நாள் அளவில் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும்.

பருவம் என்று பார்த்தால் ஜூன் முதல் அக்டோபர் வரை கொச்சியில் குச்சி நடலாம். கொட்டும் மழையில் தொட்டியை வெளியில் வைத்தால் அழுகும். கூரையின் கீழ் வைப்பதே முறை.

கணக்கு ஒன்று சொல்கிறேன். 20 அடி நீளத்துக்கு இரண்டடி இடைவெளியில் வேலி அமைக்க 11 செடிகள் வேண்டும். 10 அல்ல, இரு முனையிலும் செடி நிற்க வேண்டுமே. பக்கத்து வீட்டு நாட்டு வெட்சியிலிருந்து 30 குச்சிகள் கேட்டு வாங்கி நட்டால் பாதி பிழைத்தாலும் 15. வேலி போக நான்கு செடி கையிருப்பு. செலவு மணலுக்கும் ஒரு டப்பிப் பொடிக்கும்தான். குடும்பஸ்ரீ குழுக்கள் நாற்றுப் பண்ணை நடத்தி வருவாய் ஈட்டுவதை நாம் காண்கிறோம். அதற்கான கடனுதவி தனிக் கட்டுரைக்கு உரியது.

வீட்டை விற்றாலும் செடியை விடாமல்

விண்பதியத்தின் அருமை எனக்கு ஒரு வாடிக்கையாளர் வாயிலாகத்தான் நன்கு விளங்கிற்று. செறளாயியில் குடும்ப வீட்டை விற்று எறணாகுளத்தில் அடுக்ககத்துக்குப் போகவிருந்த முதிய தமிழ் அம்மையார் அவர். முன்பணத்தை வைப்புநிதியில் இடுவது குறித்துப் பேச வந்தார். தொகை, தவணை, நியமனதாரர் எல்லாம் பேசி முடித்தபின், "சார், உங்களுக்குச் செடி விஷயம் தெரியும்னு சொன்னாங்க. எங்க மாமியார் வச்ச இட்லிப் பூச்செடி வாசல்ல நிக்குது. வாங்கறவங்க இடிச்சுக் கட்டப் போறாங்க. பேர்த்து எடுத்துக்கிட்டுப் போனா பிழைக்குமா?" என்றார்.

அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே இடத்தில் வேரூன்றிய புதரைப் பெயர்த்தால் பிழைப்பது அரிது. பிழைத்தாலும் நான்காம் மாடிப் பால்கனியில் வைக்க இயலாது. "கிரயப் பதிவுக்கு எவ்வளவு நாள் இருக்கும்மா?" என்று கேட்டேன். மூன்று மாதம் என்றார். அது போதும். அப்போது ஜூன் மாதம். பதியத்துக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

பென்சில் பருமனுள்ள, ஓராண்டு முதிர்ந்த கிளையில், நுனியிலிருந்து ஏறக்குறைய ஓரடி கீழே, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுக்க வேண்டும். உள்ளே வழவழப்பாக இருக்கும் பச்சைப் படலத்தையும் கத்தியின் முதுகால் சுரண்டிவிட வேண்டும். அதை விட்டுவைத்தால் பட்டை மீண்டும் கூடிவிடும், வேர் வராது. இலை தயாரித்த உணவு பட்டை வழியாகவே கீழிறங்கும். வழி அடைபட்டதும் அது வளையத்தின் மேல் விளிம்பில் தேங்குகிறது. அங்கிருந்து வேர் புறப்படுகிறது. கட்டையின் வழியே நீர் மேலேறுவது நிற்பதில்லை. ஆகவே கிளை வாடுவதில்லை. குச்சியில் நாம் அஞ்சும் ஆபத்து எதுவும் இதில் இல்லை. தாய்ச்செடி சோறூட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை தன் காலில் நிற்கப் பழகுகிறது.

மேல் விளிம்பில் வேர் ஊக்கி தடவி, ஈரமான பாசியையோ கழுவிய நார்க்கழிவையோ ஆரஞ்சுப்பழ அளவுக்குப் பிழிந்து வைத்து, ஒளிபுகும் பாலிதீன் தாளால் சுற்றி இருபுறமும் இறுகக் கட்ட வேண்டும். மழைநீர் உள்ளே இறங்காதவாறு மேற்கட்டு நன்கு அமைய வேண்டும். எட்டு முதல் பத்து வாரத்தில் தாளின் வழியே வேர்கள் வெண்மையாகத் தெரியும். அவை பழுப்பாக முதிரத் தொடங்கும்போது கட்டுக்குக் கீழே வெட்டி, தாளை அகற்றி, வேர்க்கட்டியைக் கலைக்காமல் தொட்டியில் நட்டு, இலைகளைப் பாதியாகக் குறைத்து, மூன்று வாரம் நிழலில் வைக்க வேண்டும்.

அந்த அம்மையாரின் செடியில் நான்கு கிளைகளில் பதியமிட்டோம். மூன்று வேர்விட்டன. பதிவு நாளுக்கு முந்தைய வாரம் அவற்றை வெட்டி எடுத்தார். ஒன்றைத் தம் மகளுக்கும், ஒன்றை வீடு வாங்கியவருக்கும் கொடுத்துவிட்டு ஒன்றைப் பால்கனிக்குக் கொண்டுபோனார். வாங்கியவருக்குக் கொடுத்ததில் சிறிது கண்டிப்பும் இருந்ததாகக் கேள்வி.

மட்டாஞ்சேரியில் வீடு கைமாறுவது இனியும் நடக்கும். முன்பண ஒப்பந்தத்துக்கும் கிரயப் பதிவுக்கும் இடையே கிடைக்கும் மாதங்கள் வெட்சிக்கு மட்டுமன்றிச் செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் போதுமானவை. வில்லங்கச் சான்று பார்க்கும் நாளிலேயே முற்றத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

நட்டபின்

புதுச் செடியைத் தரையில் நட ஜூன் தொடக்கமோ துலாவர்ஷம் பெய்யும் அக்டோபரோ ஏற்றது. நாளில் நான்கு ஐந்து மணி நேர வெயில் வேண்டும். நிழலில் செடி வாழும், பூக்காது. தொட்டியானால் 12 அங்குலம் குறைந்த அளவு. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரமும் இலைமக்கும் சேர்ந்து ஒரு பங்கு.

வெட்சி புதுக்கிளையின் நுனியில் பூப்பது. எனவே ஒரு பூப்பு முடிந்ததும் வாடிய கொத்தோடு இரண்டு கணு சேர்த்து வெட்டினால் பக்கத்துக்கு இரண்டு கிளை வெடித்து அடுத்த பூப்பு இரட்டிப்பாகும். கத்தரியால் வாரந்தோறும் சுவர் போல மழித்துக்கொண்டிருந்தால் மொட்டு அனைத்தும் குப்பைக்குப் போகும். ஓணத்துக்குப் பூ வேண்டுவோர் கவாத்தை மே மாதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நாட்டு வெட்சியில் பறவைக்குக் கனி வேண்டுமானால் சில கொத்துகளை வெட்டாமல் விட வேண்டும்.

மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் வந்தால் எறும்புகள் ஏறுவதைக் கொண்டு முன்னரே அறியலாம். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளித்தால் பெரும்பாலும் அடங்கும். இலை மேல் கரி போலப் படியும் கரும்பூசணம் இப்பூச்சிகளின் கழிவில் வளர்வதுதான். பூச்சி போனால் அதுவும் போகும்.

முதலாண்டில் வரும் மொட்டுகளை, மனம் ஒப்பாவிட்டாலும், கிள்ளிவிட வேண்டும். வேரும் கிளையும் பெருக அந்த ஓராண்டு தேவை. இரண்டாம் ஆண்டு மழைக்குப்பின் வரும் கொத்துகளை விட்டுவைக்கலாம்.